குங்குமமும் செம்மண்ணும் படும் காரில் பிபிஎஃப் படலத்தைப் பராமரிப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓடும் ஒரு காரின் உண்மையான நிறம் தெரிய வேண்டுமானால் அதன் கூரையைப் பார்க்க வேண்டும். கதவின் பாதிக்குக் கீழே வெள்ளைக் காரும் கறுப்புக் காரும் ஒன்றுதான், செம்மண் நிறம். தோட்டத்துக்குள் உறவினர் வீடு, தோட்டத்தின் நடுவே கோயில் என்று வாரத்தில் ஒரு முறையாவது தார் போடாத பாதையில் இறங்காமல் இங்கே காலம் தள்ள முடியாது. முன்னால் செம்பனைக் (எண்ணெய்ப்பனைக்) குலை ஏற்றிய லாரி போனால் அது கிளப்பும் புழுதியும் தெறிக்கும் கல்லும் பின்னால் வருகிறவருக்குத்தான்.

அதனால்தான் நம் ஊர்க்காரர்களும் புது மைவி, புது சாகா என்று கார் எடுத்த கையோடு ஈப்போவுக்குப் போய், வண்ணப்பூச்சைக் காக்கும் படலமான பிபிஎஃப் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து ஒட்டிவிட்டு, மறு வாரமே பழைய பனியனும் பாத்திரம் கழுவும் திரவமுமாக உட்கார்ந்து தேய்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தேய்த்தேன். எட்டே மாதத்தில் பானெட்டின் படலம் மங்கிப்போய், அந்தப் பாகத்தை மட்டும் உரித்து மறுபடி ஒட்ட நேர்ந்தது. அந்தச் செலவில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒட்டியிருப்பது என்ன?

கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிபிஎஃப் என்பது காரின் வண்ணப்பூச்சின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற படலம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்க அமெரிக்காவின் 3எம் நிறுவனம் உருவாக்கிய படலம்தான் இதற்கு மூதாதை. இன்றைய நல்ல படலங்கள் டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனால் ஆனவை. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன். தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு. விலை மலிவு என்று சிலர் விற்கும் பிவிசி படலம் வேறு. அது சீக்கிரம் மஞ்சளாகும், விறைக்கும், கீறல் ஆறாது. ஒட்டுவதற்கு முன்பே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படலம் மூன்று அடுக்கு. அடியில் பசை, நடுவில் கல்லடியைத் தாங்கும் தடித்த உடல், மேலே மிக மெல்லிய மேற்பூச்சு. நாம் கழுவும்போது தொடுவது அந்த மேற்பூச்சை மட்டும்தான். தண்ணீர் உருண்டு ஓடுவதும், கறை உள்ளே இறங்காமல் நிற்பதும், சிறு கீறல் தானாக ஆறுவதும் அதன் தயவு. அது தேய்ந்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் பிளாஸ்டிக்.

முதல் மாதம்

சோப்பு நீர் தெளித்து நகர்த்தி நகர்த்தித்தான் படலத்தை ஒட்டுவார்கள். அந்த ஈரத்தில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தால் ஜவ்வரிசி அளவில் குமிழ்களும் லேசான பால் மங்கலும் தெரியலாம். பதற வேண்டாம். சில வாரங்களில் ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று இறங்கினால் அந்த ஓட்டை நிரந்தரம். ஒரு மாதத்துக்குப் பிறகும் குமிழ் அப்படியே நின்றால், அல்லது அதற்குள் தூசி தெரிந்தால், ஒட்டிய கடைக்கே கொண்டுபோங்கள்.

“அண்ணே, ஒரு வாரம் காரைக் கழுவாதீர்கள், ஒரு மாதம் வாட்டர் ஜெட் பக்கமே போகாதீர்கள்” என்றார் எனக்கு ஒட்டிய தம்பி. பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நாள் வேண்டும். மழைக்குப் பயப்படத் தேவையில்லை. நின்ற இடத்தில் பெய்யும் மழை ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு நாள் கொட்டும் மழையில் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுவதை மட்டும் தவிர்க்கலாம். அந்த வாரத்தில் பறவை எச்சம் விழுந்தால், ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்தால் போதும்.

ஷாம்புவுக்கு மஞ்சள் சோதனை

காருக்கான ஷாம்பு அமிலமும் காரமும் இல்லாமல் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து ரிங்கிட்டுக்கு விற்கும் பெயரில்லாத புட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க நம் அடுக்களையிலேயே வழி இருக்கிறது.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, அதைச் சவர்க்காரக் கட்டியால் தேய்த்த அனுபவம் எல்லா வீட்டிலும் இருக்கும். மஞ்சள் கறை சட்டென்று சிவக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஒரு வெள்ளைத் தட்டில் சிட்டிகை மஞ்சள்தூளை நீரில் கரையுங்கள். ஷாம்புவைக் கழுவும் அளவுக்கு நீர்த்து, இரண்டு சொட்டு விடுங்கள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் அதில் காரம் இல்லை. செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் அந்தப் புட்டியைக் கழிவறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் அதிகமாக இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. ஆனால் அழுக்கு போக மலிவாகச் சேர்ப்பது பெரும்பாலும் காரத்தைத்தான். நான் அதுவரை பயன்படுத்திய ‘சூப்பர் நுரை’ தட்டில் விட்ட மாத்திரத்தில் சிவந்தது.

கழுவும் முறை

வாரம் ஒரு முறை, தோட்டப் பாதையில் ஓடாத வாரமானால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. காலை ஒன்பது மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில். பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் அது ஆறும்வரை தேநீர் குடித்துவிட்டு வரலாம். சூடான படலத்தில் ஷாம்பு நொடியில் காய்ந்து கறையாக நிற்கும்.

வேண்டியவை: இரண்டு வாளி, நீளமான ரோமம் உள்ள மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு, துடைக்கத் தடித்த மைக்ரோஃபைபர் துண்டு, ரப்பர் குழாய். ஒரு வாளியில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். லாரி கழுவும் தேங்காய் நாரும், பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

முதல் வேலை, தொடாமல் நனைப்பது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். செம்மண் பார்க்க மாவு போல இருக்கும். ஒரு சிட்டிகையை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் உள்ளே நெறுநெறுவென்று மணல் தட்டுப்படும். அதன் மேல் துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். சக்கர வளைவுக்குள்ளும் கதவின் கீழ் விளிம்பிலும் குழாயைப் பிடித்து, வழியும் நீரின் சிவப்பு மாறும்வரை விடுங்கள். சாதாரணமாக ஐந்து நிமிடம் ஆகும். காய்ந்து இறுகிய சேறாக இருந்தால் ஒரு முறை நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி நனையுங்கள்.

அடுத்து ஷாம்பு. கையுறையை ஷாம்பு வாளியில் தோய்த்து, ஒரு பாகத்தைக் கழுவி, வெறும் நீர் வாளியில் அலசிவிட்டு, மறுபடி ஷாம்புவில் தோய்க்க வேண்டும். இரண்டு வாளி எதற்கு என்று கேட்டவரிடம் வெறும் நீர் வாளியின் அடியைக் காட்டினேன். ஒரு தேக்கரண்டி மணல் கிடந்தது. ஒரே வாளியானால் அத்தனையும் திரும்பக் காருக்கே போயிருக்கும். வட்டம் போடாமல் நேர்கோட்டில், கையின் எடை மட்டும் படும்படி இழுங்கள். கூரை, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதியும் பம்பரும். கீழ்ப்பாதிக்கு அந்த இரண்டாவது கையுறை. அதை எக்காரணம் கொண்டும் பானெட்டுக்கு ஏற்றாதீர்கள். கையுறை கீழே தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு.

நுரை காய்வதற்குள் அலசி, துண்டைப் பானெட்டின் மேல் விரித்து, இரு முனையைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தால் துண்டே நீரைக் குடித்துவிடும். தேய்க்க வேண்டியதில்லை. ‘காற்றில் காய்ந்துகொள்ளட்டும்’ என்று விடுவது நம் வட்டாரத்தில் நல்லதல்ல. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கிணற்று நீர், ஆழ்துளை நீர் பயன்படுத்துகிறவர்கள் வீட்டுக் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரில் காயும் ஒவ்வொரு துளியும் அந்த வெள்ளையை வட்டமாக விட்டுவிட்டுப் போகும். நான் கடைசி அலசலுக்குக் கூரையிலிருந்து பிடித்த மழைநீரை வைத்திருக்கிறேன். அதில் உப்பு இல்லை. பீப்பாயை இறுக மூடி வையுங்கள். டிங்கிக் கொசுவை வளர்த்துவிட்டுக் காரைப் பளபளப்பாக்கிப் பயனில்லை.

வாட்டர் ஜெட் பற்றி

ஜெட் கூடாது என்பதில்லை. விசிறி போல விரியும் முனை, குறைந்தது இரண்டடி தூரம், படலத்தின் விளிம்புக்கு நேராகப் பிடிக்காமல் இருப்பது, இவ்வளவும் கூடினால் நல்லதுதான். சேற்றை அது கையைவிட நன்றாகக் கழற்றும்.

அவசரத்துக்கு ஒரு நாள் வெளியே கார் கழுவும் இடத்தில் விட்டேன். பையன் ஊசி முனையை மாட்டிக்கொண்டு, சக்கர வளைவின் விளிம்பில் அரையடி தூரத்தில் பிடித்தான். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கட்டைவிரல் அகலத்துக்குப் படலம் தூக்கிக்கொண்டது. அடியில் போன செம்மண்ணை எடுக்கவே முடியவில்லை. பசையில் மண் ஒட்டிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அது மீண்டும் பிடிக்காது. இப்போது வெளியே கழுவ நேர்ந்தால், “இதில் பிபிஎஃப் இருக்கிறது தம்பி, விளிம்பில் பிடிக்காதீர்கள், துணியும் போட வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்” என்று முதலிலேயே சொல்லி, பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.

கறைகள்

எல்லாக் கறைக்கும் பொதுவான ஒன்று உண்டு: புதிதாக இருக்கும்போது தண்ணீருக்கே போய்விடும். வெயிலில் ஒரு பகல் வெந்த பிறகு மருந்து தேடி அலைய வேண்டும்.

பறவை எச்சம்தான் இங்கே முதல் எதிரி. நகரத்து மரங்களில் மைனா. கடைவீட்டு மாடிகளைக் கூட்டுக்காக உழவாரன் குருவிக்கு விட்டிருக்கும் தெருவென்றால் கேட்கவே வேண்டாம். எச்சத்தில் அமிலமும் உண்டு, செரிக்காத விதையும் மண்ணும் உண்டு. ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் விட்டு, தூக்கி எடுங்கள். தேய்த்தால் அந்த விதையே கீறும். காரில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு துணியும் வைத்திருங்கள்.

செம்பனைத் தோட்டத்துச் சாலையில் இரவில் ஓட்டினால் பம்பர் முழுக்கப் பூச்சி. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் போர்த்தி ஊறவிட்டால் கழன்றுவிடும். ஆலை லாரி சிந்திய எண்ணெய்ப் பசைக்கும் அதே வெந்நீர்தான். கச்சா செம்பனை எண்ணெய் குளிர்ச்சியில் பாதி உறைந்து நிற்கும், சூட்டில் இளகும். அதன் செம்மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. லேசாகத் தங்கினாலும் வெயிலில் நாளடைவில் வெளுக்கும். ரப்பர் பால் தெறித்தால், ஈரமாக இருக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் துடைக்காதீர்கள், இழுவிக்கொள்ளும். நனைத்த விரல் நுனியால் ஓரத்திலிருந்து உருட்டினால் சுருண்டு வந்துவிடும். பால்மரம் வெட்டியவர்கள் கையிலிருந்து அப்படித்தான் எடுப்பார்கள். உறைந்த ரப்பர் ஏற்றிய லாரி சொட்டிக்கொண்டு போகும் நாற்றநீர் பட்டால் அன்றே கழுவுங்கள். பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது வழக்கம்.

தார்ப்புள்ளிக்கு என் அப்பா மண்ணெண்ணெய் வைத்திருந்தார். லாரியின் இரும்புக்கு அது சரி. படலத்தில் மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. மேற்பூச்சைக் கெடுத்து, ஓரத்துப் பசையையும் இளக்கிவிடும். பிபிஎஃப்புக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் தார் நீக்கியை, கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துவிட்டு, துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்தால் பிடிவாதமான பல கறைகளுக்கு அது போதும். அரை நிமிடத்துக்கு மேல் விடாமல் அலசிவிட வேண்டும்.

நீர் காய்ந்த வெள்ளை வட்டத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. சுண்ணாம்பை அது கரைக்கும். குளிர்ந்த படலத்தில், ஒரு நிமிடம், பிறகு நிறைய தண்ணீர்.

இனி, வேறு எந்தக் கையேட்டிலும் பார்த்திராத கறை. புதுக் கார் வந்தால் கோயிலுக்குப் போகாமல் இருப்போமா? ஐயர் பானெட்டில் விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மறுநாள் துடைக்கத் துணியோடு போனேன். அத்தை வாசலிலேயே மறித்தார்: “மூன்று நாளாவது இருக்கட்டும் ஐயா, சாமி வைத்ததை அழிக்கலாமா?” இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் நாள் மாலை மழை. குங்குமம் கரைந்து பானெட்டின் சரிவில் நாலு கோடாக இறங்கி, அடுத்த நாள் வெயிலில் காய்ந்தது. கடையில் விற்கும் குங்குமம் பலவற்றில் சாயம் உண்டு. படலத்தின் மேற்பூச்சு அதைக் கொஞ்சம் குடித்துவிட்டது. நான் செய்த தவறு, ஈரத்துணியால் தேய்த்தது. புள்ளியாக இருந்தது கையளவாகப் பரவி இளஞ்சிவப்பு மேகமாயிற்று.

சரியான வழி இது: முதலில் பொடியை ஊதியோ, மென்மையான தூரிகையால் தட்டியோ உதிர்த்துவிடுங்கள். பிறகு தேய்க்காமல் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு ஷாம்பு. மிஞ்சியதற்கு ஆல்கஹால் கலவையை வெள்ளைத் துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். துணியில் சிவப்பு ஏற ஏறப் பக்கத்தை மாற்றுங்கள். மஞ்சள் கறை மட்டுமானால் அலட்டிக்கொள்ள வேண்டாம், வெயிலே அதை வெளுத்துவிடும். இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று பொட்டு முன்கண்ணாடியின் மூலையில் வைக்கப்படுகிறது. அத்தையும் நானும் செய்துகொண்ட சமரசம்; கண்ணாடியில் எதுவும் ஊறாது. எலுமிச்சம்பழம் சக்கரத்துக்குக் கீழேயே இருக்கிறது. கற்பூரத் தட்டைப் பானெட்டில் வைக்க மட்டும் விடாதீர்கள்.

ஓரங்களும் கீறல்களும்

வெள்ளைக் காரில் படலத்தின் ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு ஓடும். பசையின் விளிம்பில் அழுக்கு ஒட்டுவதுதான். மாதம் ஒரு முறை குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியை ஷாம்புவில் தோய்த்து, படலத்தின் மேலிருந்து வெளிப்பக்கமாகத் துலக்குங்கள். எதிர்த்திசையில் துலக்கினால் அழுக்கை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். அழுக்கு மெழுகு போல இறுகியிருந்தால் ஆல்கஹால் கலவை. நகத்தால் சுரண்ட வேண்டாம்.

தானாக ஆறும் படலம் என்ற விளம்பரத்தை நம்பிக் கண்டபடி தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறுவது மேற்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் மட்டுமே. மதியம் வெயிலில் நிறுத்தினாலே சிலந்தி வலை போன்ற கோடுகள் மறையும். அவசரமென்றால் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கண்ணெதிரே கோடு கலைவது வேடிக்கையாகத்தான் இருக்கும். கொதிநீர் வேண்டாம். விரல் நகம் மாட்டும் அளவு ஆழமான வெட்டு எந்த வெயிலிலும் ஆறாது. கீறலை எடுக்கிறேன் என்று பாலிஷ், காம்பவுண்ட், களிமண் கட்டி எதையும் போடாதீர்கள். அவை வேலை செய்வதே மேற்பரப்பைச் சுரண்டித்தான்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிபிஎஃப்புக்கு ஏற்ற தெளிப்புப் பூச்சு ஒன்றை அடித்துத் துடைத்தால் தண்ணீர் மறுபடி உருளும், செம்மண்ணும் எளிதில் கழலும். பெட்ரோலியக் கரைப்பான் உள்ள மெழுகு கூடாது. செராமிக் கோட்டிங் போடலாம்; செலவு உங்கள் விருப்பம், கழுவும் வேலை அதனால் நின்றுவிடாது. மேட் படலமானால் பளபளப்பு தரும் எதையும் தொடாதீர்கள், திட்டுத்திட்டாக மினுங்கும்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

ஓரம் தூக்கினால் அன்றே. அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் பாய்ச்சாமல், இழுத்தும் பார்க்காமல் இருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை காட்டிவிட்டு வருவது நல்லது. உத்தரவாதத் தாளையும் கையோடு எடுத்துப்போங்கள். பல உத்தரவாதங்கள் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை. கழுவிய முறை தவறென்று தெரிந்தால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

படலம் முழுக்க மஞ்சளாகி, தட்டினால் நொறுங்குவது போல விறைத்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமே என்று விட்டுவைத்தால், உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழிந்து பசை காரிலேயே தங்கிவிடும். படலத்தைச் சூடு காட்டி, தாழ்வான கோணத்தில், பொறுமையாக இழுக்க வேண்டும். வீட்டில் செய்கிற வேலையல்ல. குறிப்பாக, முன்பு எங்கேயாவது மறுபூச்சு அடித்த கதவு என்றால், படலத்தோடு வண்ணமும் சேர்ந்து வந்துவிடலாம். உரிக்கக் கொடுப்பதற்கு முன் எந்தப் பாகம் மறுபூச்சு என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.